தெளிந்த குடுவை

புரட்டாசி, செவ்வாய் இரவு

கல்வராயன்மலைக் குட்டைத் தண்ணீரை ஊற்றிய பாசிக் குடுவை இன்று காலை பச்சையே இல்லாமல் தெளிந்து கிடந்தது. அதே தண்ணீரை வடிகட்டி ஊற்றிய குடுவையில் பாசி செழிப்பாக இருந்தது. வைரஸ் என்றால் வடிகட்டியைத் தாண்டி அதையும் கொன்றிருக்க வேண்டும். யாரோ பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆய்வகச் சாவி என்னை விட்டால் உதவியாளர் ஏழுமலையிடம்தான் இருக்கிறது.

நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் இன்னாத்துக்கு மேடம் அதுல கைய வெக்கப் போறேன்? சந்தேகம்னா சாவிய நீங்களே வெச்சுக்குங்க," என்று மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோபப்படாததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

மாலையில்தான் உறைத்தது. இராட்சத வைரஸ்கள் அந்த வடிகட்டியில் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை, மேலேயே தங்கிவிடும். வீசாமல் வைத்திருந்த வடிகட்டித் தாளை அலசி, அந்தத் தண்ணீரைப் புதுப் பாசிக் குடுவையில் ஊற்றிப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு சாவியும் இப்போது என் பையில் இருக்கின்றன.

இத்தனை வருடமாக நான் தேடுவது பாசியைக் கொல்லும் வைரஸைத்தான். ஆனாலும் குடுவை பச்சையாகவே இருக்கட்டும் என்றுதான் மனம் வேண்டுகிறது. தெளிந்துவிட்டால் ஏழுமலைமேல் குற்றமில்லை என்றாகிவிடும்; சின்னசேலத்தில் அவர் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?