வேர்லே சதுக்கத்து விளக்குகள்

கென்ட்,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆன்னெலீனுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் வலியும் பிடிவாதமும்கூட நல்ல சுகத்தோடுதான் இருக்கின்றன. அதேபோல நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் தங்கமும் வெலிங்டனில் சுகமாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? அதற்குத்தான் இந்தக் காகிதம்.

டிராம் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு நடைப் பைத்தியம் என்பது உனக்குத் தெரியும், இப்போது அதோடு படப் பைத்தியமும் சிலைப் பைத்தியமும் சேர்ந்துகொண்டன. இத்தனை வருஷம் இந்தத் தெருக்களில் வண்டி ஓட்டியவர் தண்டவாளத்தைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லையாம், இப்போது ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்றுவிடுகிறார். சுவர் நிறைய வரைந்திருக்கும் அந்தத் தூங்குகிற பெரிய முயல்களைப் பார்த்துவிட்டு, நம் வீட்டு முயல் கறி ஞாபகத்தில், "இத வேக வைக்க எத்தன பீப்பாய் பீர் வேணும், உலர்ந்த பிளம் எத்தன கூடை வேணும்?" என்று என்னிடம் கேட்கிறார். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து மண்டியிட்டிருக்கும் சிலைப் பையன்களிடம், "வீட்டுச் சாவி விழுந்துடுச்சா தம்பிங்களா?" என்று விசாரிக்கிறார். எல்லாரும் சுவரில் கிறுக்குகிற சந்துக்கு ஒருநாள் சாக்கட்டியோடு போய் வந்தார், என்ன வரைந்தீர்கள் என்றால் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தேன், ஒரு டிராம். மறுநாளே யாரோ அதன்மேல் பச்சைப் பூதம் ஒன்றை வரைந்துவிட, அந்தக் கோபத்தை வீட்டில் சூப்பின்மேல் காட்டினார்.

எங்கே சுற்றினாலும் கடைசியில் வேர்லே சதுக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அங்குள்ள விளக்குகளை நீ மறந்திருக்க மாட்டாய். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் பெற்றவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், சதுக்கத்து விளக்குகள் மெல்லப் பிரகாசமாகி மெல்ல அடங்கும். ஒவ்வொரு தடவையும் உன் அப்பா தொப்பியைக் கழற்றிப் பிறந்த குழந்தைக்கு மரியாதை செய்கிறார். செய்துவிட்டு என்னைப் பார்த்து, "நம்ம பேரப்பிள்ளைக்கு மட்டும் இது எரியாது, பாத்தியா? உலகத்தோட அந்த மூலைல பொறந்தா இங்க யாருக்குத் தெரியும்?" என்று பெருமூச்சு விடுகிறார். அவர் உன்னிடம் வரமாட்டேன் என்பதற்கு இதுதான் காரணம், முழங்கால் வலியும், பூனையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதும் வெறும் சாக்கு. நீ டிக்கெட் அனுப்புகிறேன் என்றபோது, "தண்டவாளம் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன்" என்று வெடுக்கென்று சொன்னாரே, நீ போனை வைத்த விதத்திலேயே அழுதிருப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கும் அழுகை வந்தது. அவரை விட்டுவிட்டு வரவும் எனக்கு மனசில்லை, உன் பிரசவத்துக்குப் பிறகும் வராமல் இங்கே உட்கார்ந்திருக்கவும் முடியாது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நானும் அவரோடு போனேன். அங்கே ரிஃபாத் என்று ஒரு துருக்கிக்காரர், ரொட்டிக் கடைக்காரர், குடும்பம் சூழ நின்று போனில் மகனின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மகன் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தையோடு. "இருடா, உங்கம்மா இன்னும் கார நிறுத்திட்டு வரல, அமுக்காத!" என்று இவர் கத்த, "அமுக்கியாச்சுப்பா!" என்று அவன் கத்த, "உனக்கு எதுலயும் அவசரந்தான்டா" என்று இவர் தொடங்க, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சின்னத் திரைக்குள் தலையை நுழைத்துச் சமாதானம் பேச, அதற்குள் விளக்குகள் எரிந்து அடங்கியே விட்டன. ஒருவராவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! ரிஃபாத் தலையைத் தூக்கியபோது அவர் முகம் சுண்டிப்போயிற்று. உடனே உன் அப்பா கழற்றிய தொப்பியும் கையுமாக எழுந்து போய், "எரிஞ்சுது, நான் பாத்தேன். தினம் வர்ற ஆளு சொல்றேன், இவ்வளவு வெளிச்சம் நான் பாத்ததே இல்ல" என்றார். பச்சைப் பொய், எல்லாக் குழந்தைக்கும் ஒரே வெளிச்சம்தான். ஆனால் அந்த மனிதர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை.

பிறகு பாகில் ஊறிய பக்லாவா இனிப்பு டப்பாவைத் திறந்து எங்கள் வாயில் திணித்து, உங்களுக்குப் பேரப்பிள்ளை உண்டா என்று கேட்டார். உன் அப்பா தன் பழைய புலம்பலை முழுசாக ஒப்பித்தார். ரிஃபாத் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. "என்ன அண்ணே நீங்க! நான் போனப் பாத்துக்கிட்டு விளக்கக் கோட்டை விட்டேன். நீங்க விளக்கப் பாத்துக்கிட்டு பிள்ளையவே கோட்டை விடப் போறீங்களா? கிளம்புங்க!" என்றார். உன் அப்பா தாடியில் பாகு வழிந்தது தெரியாமல் வீடு வரைக்கும் நடந்தார்.

மறுநாள் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பினார், யார் செத்துப்போனது என்று பயந்துவிட்டேன். பார்த்தால் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்! படத்தில் பிடிபட்ட திருடன் மாதிரி முறைக்கிறார், ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சிரி. விமானத்தில் ஓட்டுநருக்கு நேர்ப் பின்னால் இடம் கிடைக்குமா என்று கேட்கிறார். அவராக உனக்குச் சொல்ல வேண்டும் என்று நாள் பார்க்கிறார், அதனால் சொல்லும்போது இப்போதுதான் கேட்கிற மாதிரி ஆச்சரியப்படு, காட்டிக்கொடுத்துவிடாதே. கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சர்க்கரைப் பாதாமை அங்கே வாங்க வேண்டாம், நான் கொண்டுவருகிறேன்.

நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "அவங்க வீட்டு வாசல்ல விளக்கு இருக்கா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

மாதா உன்னையும் குழந்தையையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வருஷம் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நாங்கள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தாலும் வாசல் விளக்கைப் போட்டு வைக்காதே. கார் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவிட்ச் பக்கத்தில் நில். அப்பா முதல் படியில் கால் வைக்கும்போது அந்தச் சின்ன விரலைப் பிடித்துச் சுவிட்சை அமுக்கு. தொப்பியை அவர் பார்த்துக்கொள்வார்.

உன்னைக் கட்டி முத்தமிடக் காத்திருக்கும்
உன் அம்மா,
கோடலீவ்