ஓடைக்கரைக்காக நீங்கள் பேசியது

அன்புள்ள அண்ணை,

இன்று காலை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியைச் சுற்றிப் புதிதாக வேலி அடித்தார்கள். சீடர் மரப் பலகை. மழையில் நனைந்த பலகையை வாள் அறுக்க அறுக்க அந்த வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வந்து என் குசினிக்குள் நின்றது. யன்னலைச் சாத்தியும் போகவில்லை. தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறவனைப் பார்த்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருவருக்கும் ஒரே கட்டடம், பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் ஒரே மெசின் வரிசை. நீங்கள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். "மறுகா என்ன மாஸ்டர்?" என்று நீங்கள் கேட்டால், "மறுகா ஒண்டுமில்லை அண்ணை" என்று, 'பிறகு' என்பதற்கு உங்கள் ஊர் சொல்லும் அந்தச் சொல்லையே திருப்பித் தந்து நான் பகிடி பண்ணுவேன். ஊரில் நாலு வருஷம் இங்கிலிஷ் படிப்பித்ததற்காக எல்லாரும் என்னை மாஸ்டர் என்றார்கள். அந்தப் பெயரை உண்மையாகவே நம்பியவர் நீங்கள் ஒருவர்தான்.

எண்பத்து மூன்று ஆடியில் உங்கள் அப்பா ஊரில் இறந்தார். செய்தி வந்துசேர மூன்று கிழமை ஆயிற்று. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஓர் இடம் தேடினீர்கள். றிச்மண்ட் ஹில்லில் கோயில் இருக்கிறது, ஆறு இல்லை என்றீர்கள். ஒன்ராறியோ ஏரிக்கரையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அந்த வெயிலில் அங்கே ஊரே குளிக்க வந்து நிற்கும். கடைசியில் ஸ்காபரோவைத் தாண்டிக் கிழக்கே, மத்திய அரசு பராமரிக்கும் காட்டுக்குள் ஓர் ஓடையைக் கண்டுபிடித்தீர்கள். சீடர் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, முடிவில் முழங்கால் அளவுத் தண்ணீர். என் அப்பா உயிரோடு இருந்தபடியால் எனக்கு அங்கே கடமை ஒன்றும் இல்லை. காரோட்டியும் செம்பு பிடிப்பவனுமாக வந்தேன். நீங்கள் ஈர வேட்டியோடு கரையேறிக் கற்பூரம் கொளுத்தி, அது எரிந்து முடியும்வரை குந்தியிருந்து, கரி பட்ட கல்லைக் கழுவிவிட்டுத்தான் எழும்புவீர்கள்.

இரண்டாம் வருஷம் திரும்பி வரும்போது வாசல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. என்னை வாசிக்கச் சொன்னீர்கள். இந்தக் காட்டுக்கு அரசாங்கம் புதுத் திட்டம் போடப்போகிறது, ஓடைப் பக்கத்தை வேலியடைத்து மரம் நடும் யோசனை இருக்கிறது, பொதுமக்கள் ஐப்பசியில் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்று வாசித்தேன்.

"பொதுமக்களெண்டா? நம்மளுமா?"

"ஓம் அண்ணை. ஆரும் வரலாமாம்."

நீங்கள் அந்தக் காகிதத்தின் முன்னால் கனநேரம் நின்றீர்கள். காரில் ஏறிய பிறகு சொன்னீர்கள்: "ஊரில ஒரு நாள் விடிய எழும்பிப் பாத்தா அப்பாட வயலுக்குள்ள அரசாங்கக் காட்டுக் கந்தோர்ர எல்லைக் கல்லு நட்டிரிக்கு. ஆரும் ஒரு வார்த்தை கேக்கல்ல. அப்பா சாகுமட்டும் அந்தக் கல்லப் பாத்துப் பாத்து ஏசுவார். எடுத்ததுக்கில்ல மாஸ்டர், கேக்காததுக்கு."

கூட்டம் ஓர் உயர்பள்ளியின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. நீங்கள் உங்கள் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். சுவரெல்லாம் வரைபடம். ஓடைப் பக்கம் பச்சைக் கோடு போட்டு அடைபட்டிருந்தது. பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுத வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிஷம். உங்கள் பெயரை நான்தான் எழுதினேன். என் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. உங்களுக்கு நிரந்தர வதிவிடக் கடுதாசி இருந்தது, எனக்கு ஒன்றும் இல்லை. அரசாங்கக் கூட்டம், அரசாங்கக் காகிதம், அதில் என் கையெழுத்து என்று நினைத்துப் பேனையை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்கள் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்று, மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நிற்க, தமிழில் சொன்னீர்கள்:

"நான் வருஷத்தில ஒரு நாள்தான் வாற. எங்கட அப்பாவுக்குத் தண்ணி இறைக்க. ஒரு வாழையிலை விரிக்கிற அளவு இடம் காணும். மரம் நடுங்க, வேலியும் போடுங்க. ஓடைக்குப் போற அந்தச் சின்னப் பாதைய மட்டும் விட்டுத் தாங்க. கற்பூரம் கொளுத்துற நான், ஆனா அது எரிஞ்சு நூந்தாப்பிறகுதான் எழும்புற. பூட்டுறதெண்டாலும் பரவாயில்ல, அண்டைக்கு மட்டும் நீங்களே வந்து திறந்து விடுங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கற்பூரம் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். காட்டு வாசலில் நெருப்பு மூட்டக்கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. இரண்டு வருஷம் நெருப்பு மூட்டினோம் என்று இத்தனை அதிகாரிகளுக்கு முன்னால் என் வாயாலேயே சொல்வதா? கூட வந்தவன் யார் என்று கேட்டால்? அந்த நேரம் உங்களுக்காகப் பயந்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எனக்காகத்தான் பயந்தேன்.

நான் இங்கிலிஷில் சொன்னது இதுதான்: "இது மிக அழகான காடு என்கிறார். வருஷா வருஷம் வந்து பார்க்கிறாராம். இதை நன்றாகப் பராமரிக்கும் அரசாங்கத்துக்கு நன்றி சொல்கிறார்."

மண்டபம் கைதட்டியது. மேசையில் இருந்த அதிகாரிப் பெண் எழுந்து நின்று உங்களுக்கு நன்றி சொன்னார். உங்கள் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. கதிரைக்குத் திரும்பி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பாத்தயளா மாஸ்டர், கை தட்டுறாங்க" என்றீர்கள். அதற்கும் நான் தலையாட்டினேன். நமக்குப் பிறகு பேசிய கிழவர் பனிச்சறுக்கு ஓட ஒரு தடம் கேட்டார். ஓர் அம்மா பறவை பார்க்கப் போக வேலியில் சின்னக் கதவு கேட்டார். அவர்களுக்குக் கைதட்டலே இல்லை.

வசந்தத்தில் திட்டம் புத்தகமாக வந்தது. பின்பக்கங்களில் யார் என்ன சொன்னார், அரசாங்கத்தின் பதில் என்ன என்று வரிசையாக அச்சடித்திருந்தார்கள். பனிச்சறுக்குக்குத் தடம் கிடைத்தது. பறவைக்காரிக்குக் கதவு கிடைத்தது. உங்கள் பெயருக்கு நேரே, நன்றி தெரிவித்தார் என்றும், மாற்றம் தேவையில்லை என்றும் இருந்தது.

அச்சில் இருந்த உங்கள் பெயரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "நான் சொன்னத எழுதியிரிக்கா?"

"எழுதியிருக்கு அண்ணை. ஆனால் சரிவராதாம்."

நீங்கள் கோபிக்கவில்லை. புத்தகத்தை மூடி என்னிடம் தந்து, "அவங்களுக்கும் ஆயிரம் கரைச்சல் இரிக்கும். கேட்டுப்போட்டு இல்லையெண்டு சொல்றது வேற, கேக்காமலே கல்லு நடுறது வேற" என்றீர்கள். அன்று பின்னேரம் தொழிற்சாலையில் ஒவ்வொருவரிடமும் போய், இந்த நாட்டில் நம்மைப் போன்றவனிடமும் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். சாட்சிக்கு என்னைக் காட்டினீர்கள். நான் வாளிகளை எண்ணுகிற மாதிரிக் குனிந்து நின்றேன்.

அதற்குப் பிறகு ஏரிக்கரைதான். முதல் வருஷம் இறைச்சி வாட்டும் புகைக்கு நடுவே நீங்கள் இலை விரிக்க, எங்கிருந்தோ ஒரு பெரிய பந்து வந்து இலைமேல் விழுந்தது. நீங்கள் சிரித்துக்கொண்டு பந்தை எடுத்துக் கொடுத்தீர்கள். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. அடுத்த கிழமை உங்களுக்குத் தெரியாமல் காட்டுக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் உங்களுக்கு நன்றி சொன்ன அதே பெண்தான் எடுத்தார். அந்தப் பாதையைப் பற்றி யாருமே கேட்கவில்லையே, கேட்டிருந்தால் விட்டிருப்போம், இனி அடுத்த மீளாய்வில்தான், இப்போதே ஒரு கடிதம் எழுதிப்போடுங்கள் என்றார். எழுதியிருக்கலாம். அதற்குள் என் வழக்கும் முடிந்து கடுதாசி கைக்கு வந்திருந்தது. கற்பூரக் கதையை என் வழக்கறிஞரிடம் சொன்னபோது, இதற்கெல்லாம் வழக்குக் கெட்டிருக்காது என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் உங்கள் பெயரில் கடிதம் எழுதினால் பதில் உங்களுக்கு வரும், நீங்கள் அதை வாசிக்க என்னிடமே கொண்டுவருவீர்கள்; முன்பு யாரும் கேட்கவில்லை என்று அதில் இருந்தால் எப்படி வாசிப்பேன்? வெட்கம் பயத்தைவிடப் பொல்லாதது, அண்ணை. எழுதாமல் இருந்துவிட்டேன். அதற்கடுத்த மாரிக்குளிரில் மெசினடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள்.

ஊரிலிருந்து உங்கள் மகன் வந்துசேர்ந்தபோது நீங்கள் போய் ஆறு மாதம். உங்கள் முகம் பார்க்க அவருக்கும் கிடைக்கவில்லை. போன கிழமை ஆடி அமாவாசை; நான்தான் ஏரிக்கரைக்குக் காரோட்டினேன். கார் தரிப்பிடத்தில் சனக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"அங்கிள், அப்பா கடிதத்தில எழுதினவர், காட்டுக்குள்ள ஒரு ஓடை கேட்டு அரசாங்கத்துக்கு முன்னால பேசினனாம், எல்லாரும் கை தட்டினாங்களாம், ஆனா சரிவரல்லையாம் எண்டு. இன்னொருக்காக் கேட்டுப் பாப்பமா?"

இந்த முறையும் ஓம் என்று சொல்லி ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்துத் தப்பியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால், "இன்னொருக்கா இல்லை தம்பி. முதல்தரமே கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தமிழில் சொன்னதையும் நான் இங்கிலிஷில் சொன்னதையும் வரிக்கு வரி சொன்னேன்.

அவர் எள்ளுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்திருந்தார்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நல்லம்."

அவ்வளவுதான். கதவைத் திறந்து இறங்கினார். பின்சீற்றில் இருந்த செம்பையும் தானே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் நீங்கள், "வாங்க மாஸ்டர், செம்பப் பிடிங்க" என்பீர்கள். அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான் காருக்குள்ளேயே இருந்து, சனத்துக்கு நடுவே அவர் தனியாகத் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்டுக் கந்தோருக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவரே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இங்கிலிஷ் தெரியும், நான் தேவையில்லை. அன்று மண்டபத்தில் நீங்கள் என்னை நம்பித் தந்த அந்த ஏழெட்டு வசனங்களை இப்போது ஒரு சொல் தவறாமல் என்னால் இங்கிலிஷில் சொல்ல முடியும். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். வாழையிலை அளவு இடம் என்ற வசனம் வந்ததும் ஒவ்வொரு முறையும் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன்.