ஆடியில் வாங்காத மோட்டார்

கையில் பெட்ரோல் வாடை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது, போகவில்லை. சோற்றில் கை வைத்தால் சோறும் மணக்கிறது. என் வீட்டுக்காரி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மோட்டார் வாங்கியாகிவிட்டது ஓய். நேற்றுதான் தூத்துக்குடியிலிருந்து வந்தது. இரண்டு பேர் உட்காரலாம், மழைக்கு மடக்கு கூரை, முன்னால் இரண்டு கார்பைடு விளக்கு. பாளையங்கோட்டைப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்று ரப்பர் ஊதலை அமுக்கி அமுக்கி என் உயிரை எடுக்கிறார்கள்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். எனக்கோ உம்மேல் கோபம் கோபமாக வருகிறது. போன வருஷம் அந்த விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய என்று கேட்பீர். எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மோட்டாரை ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும். அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வருஷம் வைகாசியில் நாம் இரண்டு பேரும் ரயிலேறி, மணியாச்சியில் வண்டி மாறித் தூத்துக்குடிக்குப் போனோம். நான் டாக்டர். பிரசவம், பாம்புக்கடி, வாந்திபேதி என்று எந்த ஊரிலிருந்தாவது ஆள் வந்துகொண்டே இருக்கும். ரயில் போகிற ஊர் என்றால் சரி. தெற்கே செம்மண் காட்டு ஊர்களுக்கு மாட்டு வண்டிதான். நான் போய்ச் சேருவதற்குள் பாதி நேரம் வேலை முடிந்திருக்கும், ஒன்று பிள்ளை பிறந்திருக்கும் அல்லது ஒப்பாரி கிளம்பியிருக்கும். பத்து வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு ஒரு சின்ன மோட்டார் வாங்கப் புறப்பட்டேன். புறப்பட்டவன் நேரே போய் வாங்கியிருக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளியாயிற்றே, மாட்டுச் சந்தையில் உம்மை அடிக்க ஜில்லாவிலேயே ஆள் கிடையாதே என்று உம்மையும் கூட்டிக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கத்துக் கொட்டகையில் அந்தச் சின்ன மோட்டார் நின்றது. கரும்பச்சை நிறம். ஏஜென்ட் குலசேகரன்பட்டினத்துக்காரர், நம்மைவிட இளையவர், கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். விலை இரண்டாயிரத்து எண்ணூறு என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மதராசிலிருந்து வந்த விலைப்பட்டியலிலும் அதேதான் இருந்தது. நீரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரைச் சுற்றி வந்தீர். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தீர். பின்பக்கம் போய்த் தட்டினீர். மாட்டுக்குப் பார்ப்பதுபோல் சுழி தேடுகிறீர் என்று எனக்குப் புரிந்தது, ஏஜென்டுக்குப் புரியவில்லை.

"தகரம் கொஞ்சம் மெலிசா இருக்கே வே" என்றீர்.

"சீமையில செஞ்சது அண்ணாச்சி" என்றார் அவர்.

"சீமையில மெலிசா செய்ய மாட்டானாக்கும்? சரி, மணல்ல ஓட்டிக் காட்டும். எங்க ரெண்டு பேரையும் வச்சு ஓட்டும்."

ஓட்டிக் காட்டினார். கடற்கரை மணலில் அது முக்கி முனகி ஏறியபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூலைக்கரைப்பட்டிச் சாலையில் இது பறக்கும் என்று நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்கும்போல. தொடையில் கிள்ளினீர். "மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பும். நீரு இப்பிடி வாயப் பொளந்துகிட்டுப் பாத்தா அவன் எங்கன கொறைப்பான்?"

இறங்கியதும் நீர் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, எரிச்சலும் வருகிறது. தோள் துண்டை எடுத்து ஏஜென்டின் கைமேல் போட்டு, துண்டுக்குள் அவர் விரலைப் பிடித்தீர். கழுகுமலைச் சந்தையில் அப்படித்தானே விலை பேசுவீர்கள்? எத்தனை விரல் பிடிக்கிறீரோ அத்தனை, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பாவம், அவர் இதையெல்லாம் எங்கே கண்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, கையப் பிடிக்கிய?" என்று இரண்டடி பின்னால் போனார். விலை வாயால் பேச வேண்டிய சங்கடம் உமக்கு. ஆயிரத்து எண்ணூறு என்றீர். அவர், கம்பெனி வைத்த விலை, நான் சம்பளத்துக்கு இருக்கிறவன் என்றார். "கம்பெனியாவது கிம்பெனியாவது. ஒரே வெலைன்னு ஒண்ணு லோகத்துல உண்டா வே?" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தீர்.

"திரும்பிப் பாக்காதியும். கூப்பிடுவான்."

அவர் கூப்பிடவில்லை. மணியாச்சியில் அடுத்த வண்டிக்குக் காத்துக்கிடந்த இரண்டு மணி நேரமும் நீர் எனக்குச் சந்தை சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தீர். மூன்று தடவை எழுந்து நடக்க வேண்டுமாம். முதல் நடை ஆளைத் தெரிந்துகொள்ள. இரண்டாம் நடை அவனுக்குப் பயம் காட்ட. மூன்றாம் நடைக்குப் பிறகு கூப்பிடுவானே, அதுதான் விலையாம். அதற்கு முன்னால் வாங்குகிறவன் ஏமாந்தவனாம்.

ஆனியில் மறுபடி போனோம். உம்மைக் குறை சொல்லக்கூடாது, நீர் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நடையில் ஏஜென்ட் ரயில் நிலையம் வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டார். இரண்டாயிரத்து அறுநூறு, கூட ஒரு டயர், விளக்கும் சேர்த்து. நான் பையைத் தொட்டேன். நீர் முறைத்தீர். ரயிலேறிவிட்டோம்.

மூன்றாம் தடவை போனது ஆடி பிறந்த பிறகு. பேசிப் பேசி அவர் இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்தில் வந்து நின்றுவிட்டார். நீர் இரண்டாயிரத்து ஐந்நூறு. அதற்குமேல் இரண்டு பேரும் அசையவில்லை. எழுபத்தைந்து ரூபாய். அந்தக் கொட்டகையில் புழுக்கம் தாங்க முடியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, "என் கமிஷனையே விட்டுட்டேன் அண்ணாச்சி, இனி என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். அவர் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரிந்தது. உமக்கும் தெரிந்திருக்கும்.

எழுந்துவிட்டீர்.

"ஆடியில எவன் வே புது வண்டி வாங்குதான்? கழியட்டும். ஒருத்தனும் கொட்டகைப் பக்கம் தலை காட்ட மாட்டான். ஆவணி பொறந்த அன்னைக்கு உம்ம வாசலுக்கே கொண்டாந்து விடுவான், பாரும்."

எனக்கேது ஓய் ஆடி? தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். என் கல்யாணமே ஆடியில்தான் நடந்தது. அதைச் சொன்னேன். "அதான் நல்லா தெரியுதே" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்.

ஆடி கழியவில்லை, அதற்குள் ஐரோப்பாவில் சண்டை வந்துவிட்டது. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீமையிலிருந்து கப்பல் வருமா வராதா என்று ஊரெல்லாம் பேச்சு. ஒரு வாரத்துக்குள் நீர் வந்து நின்றீர். உட்காரக்கூட இல்லை. "வண்டி போயிட்டாம் வே. தூத்துக்குடியில இருந்து வந்த ஒருத்தன் சொன்னான். எவனோ ஜமீன்தாரு வாங்கிட்டானாம்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு நின்றீர். இனி புது மோட்டார் சண்டை முடிந்துதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய மோட்டாருக்கே புது மோட்டாரின் விலை கேட்டார்கள்.

அடுத்த வாரம் உம் வில்வண்டியையும் ஜோடிக் காளைகளையும் என் வீட்டுக் கொட்டிலில் கொண்டுவந்து கட்டினீர். "சண்டை முடியுற வரைக்கும் இது கெடக்கட்டும். எனக்கு வயலும் வீடும்தான, நடந்துகிடுதேன்" என்றீர். நல்ல காளைகள்தான். ஆனால் காளை காளைதானே.

அந்த மார்கழியில் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் ஆள் அனுப்பினார். மனைவிக்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறது. விடிந்ததும் புறப்பட்டேன். பதினைந்து மைல். மழை பெய்த செம்மண்ணில் சக்கரம் புதைந்தது, இறங்கித் தள்ளினோம், மறுபடி புதைந்தது. மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டு முற்றத்தில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பெஞ்சி போட்டுவிட்டார்கள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. இன்னும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாத்தியாரே என்னிடம் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நீர் வந்தீர், புது அரிசி ஒரு மூட்டையோடு. என் வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் அந்தக் காப்பியை நீர் குடிக்கக்கூட விடவில்லை.

"உம்ம எழுபத்தஞ்சு ரூவாயில ஒரு பிள்ளைத்தாச்சி போயிட்டா. கணக்கு சரியாப் போச்சா வே?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனீர். அத்தோடு வரமாட்டீர் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்துவிட்டீர். நானாவது அதை அத்தோடு விட்டேனா? எங்கே பிந்திப் போனாலும், எந்த ஊரில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாலும், உம்மைக் கண்டதும் அதே பாட்டுத்தான். எழுபத்தைந்து என்று மட்டும் சொன்னால் போதும், உமக்குப் புரிந்துவிடும். ஒரு தடவை உம் மருமகன் எதிரிலேயே சொன்னேன். நீர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தீர். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மனுஷனுக்கு உறைக்கவே உறைக்காதா என்று எனக்கு இன்னும் எரிந்தது.

உம்மைச் சொல்லி என்ன. அன்று கொட்டகையில் பணம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. என் பணம், என் வண்டி. 'எடுத்துக்கொள்ளும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லவில்லை. எழுபத்தைந்து ரூபாய் மிச்சமானால் நல்லதுதானே என்று எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. அதை உம்மிடம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை.

நேற்று தூத்துக்குடிக்குப் போகிறேன் ஓய். அதே கொட்டகை, அதே ஏஜென்ட். மனிதர் கொஞ்சம் நரைத்துவிட்டார். விலை நாலாயிரம் என்றார். நான் பேரம் பேசாமல் எண்ணி வைத்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "டாக்டரையா, கூட ஒரு அண்ணாச்சி வருவாங்களே, துண்டப் போட்டு கையப் பிடிப்பாங்களே?" என்றார். நீர் இறந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு சொன்னார்.

சண்டை வந்த சேதி தெரிந்த நாலாம் நாள் நீர் மட்டும் போயிருக்கிறீர். ஆடி கழியவில்லை. மடியிலிருந்து மூவாயிரத்து இருநூறு எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறீர். உம் பணம். வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லையாம், துண்டைப் போடவில்லையாம், ஒரு சல்லி குறை என்று கேட்கவில்லையாம். கத்தரிக்காய்க்காரியிடம் கால் நாழிகை மல்லுக்கு நிற்கிற மனுஷன் நீர்! வண்டி அன்று காலையில்தான் விற்றுப்போயிருந்தது. ஜமீன்தாரிடம் போய்க் கேட்கட்டுமா என்றுகூடக் கேட்டிருக்கிறீர். முடியாது என்றதும் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீராம்.

"நான் வந்தத டாக்டரு கிட்ட சொல்லிராதியும்னாங்க. ஏன் அண்ணாச்சின்னேன். சொன்னா அவரு என்னப் பொறுத்துக்கிடுவாரு, பொறுக்க வேண்டாம், திட்டட்டும்னாங்க."

ஏன் ஓய்? இதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உமக்கு? மார்கழியில், அந்தக் காப்பியின் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேனே. நாலு வருஷம். காய்ச்சலில் நீர் கிடந்தபோது உம் கட்டிலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். நாடியைப் பிடித்துக்கொண்டு, வேறு ஊர்களில் என்னை எதிர்பார்த்துக் கிடக்கிறவர்களை நினைத்து, "இப்பப் பாரும், ஒரு மோட்டார் இருந்தா" என்று அப்போதும் முணுமுணுத்தேன். நீர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர். தண்ணீர் கேட்கிறீர் என்று நினைத்து ஊற்றினேன்.

நீர் எண்ணியதில் ஒரு பிசகு இருக்கிறது. திட்டு வாங்கினால் உமக்கு ஆறும் என்று பார்த்தீர். திட்டியவனுக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை.

நாளைக் காலையில் உம் வீட்டு அம்மாளைப் பார்க்கச் சேரன்மகாதேவிக்குப் போகிறேன். அரைமணியில் போய்விடலாம் என்கிறார்கள். அங்கிருந்து பத்தமடையில் ஒரு குழந்தையைப் பார்க்க வேண்டும், நாலு நாளாகக் காய்ச்சல். இனி எங்கேயும் பிந்த வேண்டியதில்லை. எல்லா இடத்துக்கும் நேரத்துக்குப் போவேன். போய், படுக்கையில் கிடக்கிறவர்களிடம் உட்கார்ந்து, 'பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை' என்று ஆறுதல் சொல்ல வேண்டும். அதற்கும் என்னிடம் இருப்பது இந்த வாய் ஒன்றுதான் ஓய், உம்மை நாலு வருஷம் திட்டிய இதே வாய்.