நீ புக் பண்ணிய கரீபியன்

என் அண்ணே,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "பண்பாளர், பழகுவதற்கு இனியவர்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். உனக்கே சிரிப்பு வந்திருக்கும். எனக்குப் புகழுரை வராது, நடந்ததைச் சொல்லத்தான் வரும். அதனால் நீ போன பிறகு நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை உனக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். அண்ணி படித்துப் பார்த்துவிட்டு, "போடுங்க தம்பி, பொய் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டார்.

கரீபியன் போய்விட்டு வந்தோம்.

நீ புக் பண்ணிய அதே கரீபியன்தான். அபுதாபியில் ஏற்றி, மணல் திட்டு மாதிரி ஒரு தீவில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும் 'கரீபியன் டே'. விளம்பரத்தில் இருந்த தென்னை மரம் தீவில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நெஜ கரீபியனுக்கு விசா எடுக்கறதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்டா, இது போதும்" என்று சொல்லி, துபாய் அல் கூஸில் உன் ஒர்க்‌ஷாப் ஆட்களையும் நம் பில்டிங் குடும்பங்களையும் பிடித்து நீதானே குரூப் சேர்த்தாய்?

படகுக்கு கேட்டமரான் என்று பெயர் என்றதும், அண்ணி ஊரில் அவர் அம்மாவிடம் கட்டுமரத்தில் போகிறோம் என்று சொல்லிவிட்டார். பச்சைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கட்டுமரத்தில் போகிறீர்களா, புத்தி கெட்டுவிட்டதா என்று அந்த அம்மா உன்னை போனில் பிடித்துக்கொண்டார். "ஆமா அத்தை, நான்தான் துடுப்பு போடறேன்" என்றாய் நீ. வார்த்தை மட்டும்தான் நம்முடையது, இது இரண்டு உடல் உள்ள பெரிய படகு, ஆட்டம் குறைவு என்று நான் பின்னாலிருந்து கத்தி விளக்கினேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்தத் தேதி வருவதற்குள் நீ போய்விட்டாய். மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த சோபாவிலேயே. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

உன்னை ஊருக்குக் கொண்டுபோய்க் காரியமெல்லாம் முடித்த பிறகு அண்ணியும் உன் மகள் யாழினியும் ஷார்ஜாவுக்கே திரும்பி வந்தார்கள். யாழினிக்குப் பள்ளி வருஷம் முடிய வேண்டும், உன் கம்பெனி பேப்பரெல்லாம் முடிய வேண்டும். அதற்கப்புறம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அப்பா எனக்கு வேலை கொடுத்தார். மாடியில் ஒரு அறை எழுப்பி, ஏசி போட்டு, ஜூனில் சேர்க்கப் பள்ளிக்கூடமும் பார்த்து வைத்துவிட்டார். மகனை இழந்த மனுஷன். பேத்தியாவது கண்ணெதிரே இருக்கட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. சைட்டில் புது சிஸ்டத்தை ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கிற கமிஷனிங் வேலை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டேன். பள்ளி டி.சி., கார்கோ, டிக்கெட். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தேன்.

இதற்கு நடுவில்தான் நாசர் பாய் அந்த டிரிப்பைத் திரும்ப எடுத்தார். நீ அதிராம்பட்டினத்துக்காரர் என்று கிண்டல் பண்ணிக்கொண்டே பத்து வருஷம் ஒரே ரூமில் இருந்தாயே, அதே நாசர் பாய்தான். படகுக் கம்பெனியில் பேசி உன் புக்கிங்கைத் தள்ளி வைத்திருந்தாராம். யார் யார் வருகிறீர்கள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார். கொஞ்ச நேரத்தில் உன் நம்பரிலிருந்து பதில் வந்தது: "நாங்களும் வர்றோம்."

டூட்டியில் இருந்த நான் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். நாசர் பாய் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்கு போன் பண்ணினார். நான் அண்ணிக்குப் போட்டுக் கோபமாகவே கேட்டேன், உங்கள் போனிலிருந்து அனுப்பக் கூடாதா என்று.

"அந்த குரூப்ல நான் இல்லையே தம்பி. அவுங்கதானே இருக்காங்க."



பில்டிங்கில் பேச்சு கிளம்பியது. வருஷம் திரும்பவில்லை, அதற்குள் படகுச் சவாரியா என்று சிலர். பாவம், ஊருக்குப் போகப்போகிற பெண், ஒருநாள் வெளியே வரட்டுமே என்று சிலர். நான் இரண்டாவது கட்சி. கடைசியாக ஒருமுறை உன் ஆசையை முடித்துவிட்டு, அந்தக் கடலில் உனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மனசு ஆறிக் கிளம்ப நினைக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். பூ வாங்கி வைக்கவா என்றுகூடக் கேட்டேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பூ எதுக்கு, லெமன் சாதம் போதும்" என்றார்.

படகுத்துறையில் ஒரு பிலிப்பைன்ஸ் பையன் பெயர் வாசித்து ஆள் ஏற்றினான். புக்கிங் உன் பெயரில் அல்லவா? முதல் பெயரே உன் பெயர். "மிஸ்டர் சரவணன்." எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவன் நிமிர்ந்து பார்த்து இரண்டாவது தடவை கூப்பிட்டான். நாசர் பாய் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் போய், "மாஃபி" என்றார். காய்கறிக் கடையில் முருங்கைக்காய் மாஃபி, இல்லை என்று சொல்வார்களே, அதே குரல். அவன் உன் பெயரை அடித்துவிட்டு, "நெக்ஸ்ட் டைம், மேடம்" என்று சிரித்தான். அவனுக்கென்ன தெரியும். அண்ணியும் சிரித்துவிட்டு, யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

படகு கிளம்பியதும் ட்ரம் சத்தத்தோடு கரீபியன் பாட்டுப் போட்டார்கள். நாசர் பாய் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார். அப்புறம் அந்தப் படகு இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடியும் பூப்போட்ட சட்டையுமாக, சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, கடித்தால் சத்தம் வருமோ என்று பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"பாட்டைப் போடச் சொல்லுங்க பாய். துக்கம் கேக்கறதுக்கு எதுக்கு இம்புட்டு தூரம் வரணும், வீட்லயே கேட்டுருக்கலாமே."

நாசர் பாய் முதலில் திகைத்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாட்டு வந்தது.

இப்போது என் பங்கு. இரண்டு உடல் படகு ஆடாது, எடை இரண்டு பக்கமும் பரவுகிறது என்று புதிதாக வந்த குடும்பங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். திறந்த கடலுக்கு வந்ததும் முதல் ஆளாக வாந்தி எடுத்தது நான்தான். யாழினி பக்கத்தில் வந்து, "சித்தப்பா, ஆர் யூ டையிங்?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததும் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். "இல்லடி, சும்மா வயித்துவலி" என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குழந்தைகள் அவ்வளவுதான் அண்ணே. நாம்தான் அவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம்.

படகின் முன்பக்கத்தில் இரண்டு உடலுக்கும் நடுவே ஒரு வலை கட்டியிருப்பார்கள். அதில் என்னைப் படுக்க வைத்தார்கள். கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். அண்ணி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீறி என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னால் எழுந்திருக்க முடியாது, பதில் பேச வாயைத் திறக்கவும் தைரியம் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சொன்னார். யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

"தம்பி, நான் போகல."

தீவில் இறங்கவில்லை என்கிறாரோ என்று நினைத்தேன்.

"ஊருக்கு."

அப்புறம் விஷயத்தைச் சொன்னார். உன் பேப்பருக்காக ஷார்ஜாவில், அரசாங்க மனு அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டருக்கு அலைந்துகொண்டிருந்தார் அல்லவா? எந்த பேப்பருக்கு எந்த ஆபீஸ், எதற்கு முத்திரை, எதற்கு மொழிபெயர்ப்பு என்று அலைந்து அலைந்தே எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டதாம். அங்கே வரிசையில் நிற்கிற பெண்களுக்கு, உன்னை மாதிரி ஆளைப் பறிகொடுத்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு, இவரே எடுத்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். கடையை நடத்தும் கேரளத்துச் சேச்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று சொல்வதை இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லேன் என்று வேலை கொடுத்துவிட்டார். விசாவும் போடுகிறாராம்.

"அவுங்க விசாவுல வந்தேன். இனிமே என் விசாவுல இருந்து பாக்கறேன். யாழினிக்கும் நானே போட்டுக்குவேன்."

கையில் இருந்த பழத்தை முகர்ந்துகொண்டே, அப்பா மாடியில் அறை கட்டிவிட்டார் என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

"தெரியும். மாமா மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டாங்க. அங்க போனா என்னை நல்லா பாத்துக்குவாங்க." வலைக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார். "பாத்துக்கிட்டே இருப்பாங்க. அதான் தம்பி பயமா இருக்கு."

அண்ணே, எதிர்வாதம் தேடுவது என் தொழில். ஒரு சிஸ்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் எனக்குச் சம்பளம். அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். நான் டிக்கெட் தேதியைத்தான் கேட்டேனாம், போகிறீர்களா என்று ஒரு நாளும் கேட்கவில்லையாம். உண்மைதான். டிரிப்புக்கு அவர் வந்ததுகூட விடைபெறுவதற்காக இல்லை. நீ காட்டுகிறேன் என்று சொன்ன இடத்தைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

தீவில் அண்ணி தண்ணீரில் இறங்கினார். சுடிதாரோடு, லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துக் கட்டிக்கொண்டு. நீச்சல் தெரியாது. யாழினி, "லெக்ஸை லூசா விடும்மா" என்று சொல்லிக்கொடுக்க, மல்லாந்து மிதந்தார். கரையில் இருந்த பெண்களில் வருஷம் திரும்பவில்லை என்று பேசிய மாலதி அக்கா, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போய் அவர் தலைக்கடியில் கையை வைத்துக்கொண்டார். நான் மணலில் குந்தி லெமன் சாதம் சாப்பிட்டேன். நீ இல்லாததை அங்கே வைத்துத்தான் முழுசாக உணர்ந்தேன். சத்தம் போட்டு எல்லோரையும் தண்ணீருக்குள் இழுக்கிற ஆள் ஒருத்தன் குறைந்தான்.

மறுநாள் அப்பாவுக்கு போன் பண்ணினேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. அண்ணி வரவில்லை, வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

"ஒத்தைப் பொம்பளை அந்த ஊர்ல எப்படிடா?"

ஒத்தையில் இல்லை, நான் இருக்கிறேனே என்றேன்.

"நீ இருக்கறதைத்தான்டா ஊரு பேசும்."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. திரும்ப அடித்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தேன். அப்புறம் அந்த மாடி அறை ஞாபகம் வந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தால் பேத்திக்குக் காற்று வரும் என்று என்னிடம் வீடியோவில் கேட்டவர் அவர். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

என்னோடு அதற்கப்புறம் அவர் சரியாகப் பேசவில்லை. ஆனால் அண்ணி தினமும் டூட்டி முடிந்து வரும் வழியில் அவரைக் கூப்பிடுகிறார். கெஞ்சுவதும் இல்லை, வாதாடுவதும் இல்லை. இன்றைக்கு என்ன வேலை வந்தது, யார் என்ன கேட்டு வந்தார்கள் என்று சொல்கிறார். முதலில் "உம்" மட்டும் கொட்டினாராம். போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "பாஸ்போர்ட் எடுக்கறதுன்னா, ரேஷன் கார்டு போதுமாம்மா?"

யாருக்கு என்று அண்ணி கேட்கவில்லை. என்னென்ன வேண்டும் என்று மட்டும் நிதானமாகச் சொல்லியிருக்கிறார். நீ எத்தனை வருஷம் கூப்பிட்டாய்? வேலை இருக்கிறது, மாடு இருக்கிறது என்று ஒருதடவையும் வராத மனுஷன். உன் வீட்டை, நீ உட்கார்ந்த இடத்தை இப்போது வந்து பார்க்கும் தெம்பு அவருக்கு இருக்குமா? மருமகளைப் பார்த்துவிட்டுச் சரி என்பாரா, கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்பாரா? எனக்குத் தெரியவில்லை அண்ணே.

தெரிந்த ஒன்றை வாக்காகத் தருகிறேன். அவர் வருகிற அன்று லீவு போட்டு ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டி வருவேன். அண்ணியின் கதவு வரை கொண்டுபோய் விடுவேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு யாழினியைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை மேலே போக மாட்டேன், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

உனக்குப் பின்னால் பிறந்த,
உன் தம்பி கதிர்