சுல்மிரா ஊர் சுற்றுகிறாள்

பெலோ ஒரிசோன்தே
11 ஏப்ரல் 1983

அன்புள்ள பெலார்மினோவுக்கு,

இங்கே மகள் நில்சாவும் குழந்தையும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் இடுப்பு வலியும், சலூனும் எப்படி? குழந்தைக்கு உங்கள் மூக்கு. பெண் குழந்தையாயிற்றே என்று முதலில் கவலைப்பட்டேன், இப்போது பழகிவிட்டது.

மூன்று மாதம் கண் விழிக்கத் தயாராக வந்தேன். இந்தக் குட்டியோ பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், திரும்பவும் பால் குடிக்கிறாள். எனக்கு வேலையே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா லின்டால்வா என்னை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"ஏன் சம்பந்தியம்மா, சுவத்தைப் பாக்கவா அவ்வளவு தூரம் பஸ்ல வந்தீங்க? ஏறுங்க வண்டியில."

வண்டி என்றால் அவளுடைய பழைய ஃபுஸ்கா கார். கதவு சணல் கயிற்றில் நிற்கிறது. அவள் ஓட்டுவதைப் பார்த்தால் நீங்கள் ஜெபமாலையை எடுத்துவிடுவீர்கள். பம்புல்யா ஏரிக்கரைக் கோயிலுக்குப் போனோம். கூரை நேராக இல்லை, அலை அலையாகப் போகிறது. வெளிச்சுவர் முழுக்க நீல ஓடு, அதில் புனித பிரான்சிஸ். உள்ளே முழங்காலிட்டேன், உங்கள் இடுப்புக்காகத்தான்.

அடுப்பை அணைத்துவிட்டுப் படுங்கள்.

உங்கள்
சுல்மிரா


அரசுவாயி
20 ஏப்ரல் 1983

அன்புள்ள சுல்மிரா,

கடிதம் கிடைத்தது. என் மூக்குக்கு என்ன குறை?

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. உன் புனிதருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போல. பீன்ஸ் தினமும் அடிப்பிடிக்கிறது. முடி வெட்ட வருகிறவர்கள் எல்லாம் "உங்க வீட்டம்மா எப்ப வராங்க?" என்று என்னையே கேட்கிறார்கள். சட்டையைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

அந்த ஊரில் பார்த்து நட. எனக்கு அந்த ஊர் தெரியும். இருபத்திரண்டு வயதில் ஒரே ஒரு ராத்திரி இருந்தேன், ஆயுசுக்கும் போதும். லின்டால்வா கண்ட இடத்துக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்று சொல்லிவிடு.

பெலார்மினோ


பெலோ ஒரிசோன்தே
2 மே 1983

அன்புள்ள பெலார்மினோவுக்கு,

முட்டி வலி என்று சொல்லிப் பார்த்தேன். "நடந்தாத்தான் போகும்" என்று மத்தியச் சந்தைக்கே இழுத்துப் போய்விட்டாள்.

என்ன சந்தை! ஒரு பக்கம் கிளி கத்துகிறது, ஒரு பக்கம் பாலாடைக்கட்டி மலை போல. நடுவில் ஒரு கடையில் இரும்புத் தட்டில் ஈரலும் வெங்காயமும் கசப்புக் காயும் புரட்டிப் புரட்டிப் போடுகிறார்கள். உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றபடி சாப்பிடுகிறார்கள். நானும் நின்றேன். ஒரு பீரும் குடித்தேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், சின்னக் கிளாஸ்தான். முதலாவது சின்னக் கிளாஸ்.

பிறகு வேர்க்கடலைத் தெருவுக்குப் போனோம். நடுத்தெருவில் லின்டால்வா எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். கார் தானாக மேட்டில் ஏறியது! பின்னால் யாரும் தள்ளவில்லை, நான் திரும்பிப் பார்த்தேன். "தேவமாதாவே!" என்று நான் அலற, அந்தத் தெருக்காரர் ஒருவர் ஜன்னலிலிருந்து, "அது மேடில்ல பாட்டி, பள்ளம். உங்க கண்ணுதான் பொய் சொல்லுது" என்றார். "பாட்டியா? யாருய்யா பாட்டி?" என்று லின்டால்வா இறங்கிச் சண்டைக்குப் போய்விட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

இன்னொரு சேதி. விடுதலைச் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மரத்தடியில் கடை போடுகிறார்கள். லின்டால்வா அங்கே மேஜை விரிப்பு விற்கிறாள். சும்மா போவானேன் என்று நான் கொய்யாப்பழமும் சர்க்கரையும் போட்டுக் கொஞ்சம் கொய்யாக் கட்டி கிண்டி எடுத்துப் போனேன். பதினோரு மணிக்கெல்லாம் தட்டு காலி. தொப்பி போட்ட ஒரு கனவான், "அடுத்த வாரமும் இருப்பீங்களா, அம்மா?" என்று கேட்டார். வாய் என்னைக் கேட்காமலே "இருப்பேன்" என்றது.

ஆகையால் ஜூனில் நான் வரவில்லை, பெலார்மினோ. இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேன்.

சுல்மிரா


அரசுவாயி
11 மே 1983

சுல்மிரா,

தொப்பி போட்டவன் யார்?

முப்பத்தாறு வருஷமாக நான் உன் கொய்யாக் கட்டியைத் தின்றுகொண்டிருக்கிறேன். என்றைக்காவது வேண்டாம் என்று மிச்சம் வைத்தேனா? அதற்கு ஒரு நகரம் வந்து உனக்குச் சொல்ல வேண்டுமா?

இருப்பதானால் இரு. நான் வரமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

பெலார்மினோ


பெலோ ஒரிசோன்தே
19 மே 1983

அன்புள்ள பெலார்மினோவுக்கு,

தொப்பிக்காரருக்கு எண்பது வயது. கொய்யாக் கட்டி அவர் மனைவிக்கு. அந்த அம்மாவுக்கும் எண்பது.

நீங்கள் மிச்சம் வைத்ததே இல்லை, உண்மைதான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. அதற்காக நான் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் நல்ல மனிதர், எனக்குத் தெரியாதா? ஆனால் இங்கே காலையில் கண் விழிக்கும்போதே, இன்றைக்கு எங்கே போகலாம் என்று தோன்றுகிறது. அறுபது வயதில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு எப்படி எழுதுவது?

நேற்று மங்காபெய்ராஸ் மலை மேலிருந்து ஊர் முழுவதையும் பார்த்தேன். வெயில் சாய்ந்து, ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்தது. "அழகா இருக்குல்ல?" என்று திரும்பினேன். பக்கத்தில் லின்டால்வா சோளம் தின்றுகொண்டிருந்தாள். நான் கேட்டது அவளை இல்லை.

நான் உங்களை விட்டுப் போகவில்லை. முன்னால் வந்து நிற்கிறேன், அவ்வளவுதான். வாருங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

உங்கள்
சுல்மிரா


பெலோ ஒரிசோன்தே
3 ஜூன் 1983

அன்புள்ள சுல்மிரா,

மேலே ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதவில்லை. இங்கேதான் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்தேன். சலூனைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். லகோயின்யா பக்கம், தோனா எஃபிஜேனியா என்கிற அம்மாளின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன்.

நேரே உன்னிடம் வராததற்குக் கோபப்படாதே. அந்தக் காலத்தில் வேலை தேடி இங்கே வந்தபோது, மாமா வீட்டைத் தேடிப் பொழுது சாயும் வரை ஒரே தெருவில் சுற்றிச் சுற்றி வந்தேன். போலீஸ்காரன் முதற்கொண்டு சிரித்தான். ரயில் நிலையத்திலேயே படுத்து எழுந்து ஊருக்கு ஓடிவிட்டேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. இந்த முறையும் நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல் ஆகக் கூடாது என்று நினைத்தேன். நீ எழுதிய இடங்களைத் தனியாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சந்தை. ஈரல் பிரமாதம். புதன்கிழமை உன் ஏரிக்கரைக் கோயிலுக்கு என்று பஸ் ஏறினேன். பஸ் நிறைய கறுப்பு வெள்ளைச் சட்டைக்காரர்கள், கொடி, மத்தளம். "ஏம்ப்பா, கோயிலுக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்டேன். "நாங்களும் கோயிலுக்குத்தான் போறோம், தாத்தா, கூடவே வாங்க!" என்று தோளில் கைபோட்டு இறக்கிவிட்டார்கள். பார்த்தால் மினெய்ரோன் கால்பந்து மைதானம்!

ஒரு குண்டு மனிதர் தன் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். ஐம்பதாயிரம் பேர் "சேவல்! சேவல்!" என்று கத்துகிறார்கள், அவர்கள் அணியைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சுல்மிரா, நானும் கத்தினேன். எழுந்து நின்று, முன்பின் தெரியாதவனைக் கட்டிக்கொண்டு கத்தினேன். இடுப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வழி தவறிப் போனதற்கு யாரும் சிரிக்கவில்லை. திரும்பும்போது வீட்டு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

விளைவு, தொண்டை முழுதாகக் கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. இல்லாவிட்டால் போனிலேயே சொல்லியிருப்பேன். தோனா எஃபிஜேனியா அந்தப் பக்கம் போகிறாளாம், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கு ஒரு காப்பி கொடு. நிறையப் பேசுவாள்.

ஞாயிறு காலை சதுக்கத்துக்கு வருகிறேன். வரிசையில்தான் நிற்பேன். என் முறை வரும்போது குரல் திரும்பியிருந்தால், முப்பத்தாறு வருஷமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். திரும்பாவிட்டால் வாயசைவைப் பார்த்துக்கொள்.

அறை சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. வந்த அன்று ஒரு மாதத்துக்கு என்று சொன்னேன், இன்று காலை ஒரு வருஷத்துக்கு என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். எத்தனை தலையணை வேண்டும் என்று தோனா எஃபிஜேனியா கேட்டாள். பேச முடியாததால் விரலைக் காட்டினேன்.

இரண்டு.

உன்
பெலார்மினோ