இடக்கைக்காரனுக்கு ஓர் இடம்

ஹியோன்-சூ அண்ணா,

கதவின் ரகசிய எண் மாறவில்லை, இன்னும் உன் பிறந்தநாள்தான். அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள். அடுப்பில் இருக்கும் மாட்டு விலாக் குழம்பு உனக்கு. “நீ கை வைக்காதடா, அவன் நம்ம ஊரு பேஸ்பால் அணிக்கே திரும்பி வரான்!” என்றாள். எனக்குக் கிம்ச்சி ஊறுகாய்தான்.

நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் ஐந்தாவது பந்துவீச்சாளர் இடம் நிரம்பிவிட்டது. பயிற்சியாளர் அதை எனக்கென்று சொல்லியிருந்தார். இனி ஒரு கேட்சரும் இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவரும்தான் அணிக்குத் தேவையாம். அதனால் நேற்று வாசலில் நின்று இடக்கையால் எறிந்து பார்த்தேன். சிரிக்காதே.

வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று தெரியும். நாளை சொல்கிறேன்.

தே-யூல்

மறந்துவிட்டேன்: எதிர்வீட்டு ஜன்னல் உடைந்துவிட்டது. அந்தப் பெரியவர் வந்து கத்தினால், நீ எறிந்த பந்து என்று சொல்லிவிடு. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.