பந்துக்கு ஒரு அண்டா

அண்ணே,

நேற்று பசுமலையில் ஒரு கல்லூரி விழா. மேடையேறும் முன் சவுண்ட் சர்வீஸ்காரர் காதோரம் மாட்டும் மைக்கை நீட்டினார். அதன் பஞ்சு உறையில் கிராம்பு வாசம். தொண்டை கட்டாமலிருக்க யாரோ கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறார். உங்களைத் தவிர இன்னொருவரும் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அவனியாபுரத்தில் பொங்கல் விளையாட்டு விழா நடந்ததே, நினைவிருக்கிறதா? முந்தின நாள் முழுக்க ஜல்லிக்கட்டு மாடுகளுக்கு வர்ணனை சொல்லி உங்கள் குரல் கரகரத்திருந்தது. நான் ஆனையூரிலிருந்து வந்திருந்தேன். பாட்டுக்கு ஏற்பக் காலிலும் முட்டியிலும் கழுத்திலும் பந்தை விளையாட வைப்பதுதான் என் வித்தை. ஃப்ரீஸ்டைல் ஃபுட்பால் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. "இதோட நிறுத்திக்க. நாளையில இருந்து பேங்க் பரீட்சை கோச்சிங்" என்று சொல்லித்தான் அம்மா கூட வந்திருந்தார்.

பாதியில் பாட்டு நின்றுபோனது. "கோல் எப்பம்மா போடுவ?" என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சிரித்தது. என் கால் தடுமாறத் தொடங்கியபோது மைக்கில் நீங்கள் வந்தீர்கள்.

"புடிச்சுப் பாரு, புடிச்சுப் பாரு! ஆனையூர்ப் பொண்ணு, அடங்காத பந்து! முட்டியில நிக்கிது, தோளுல ஏறுது... பிடரியில உக்காந்துருச்சுய்யா, எறங்க மாட்டேங்குது!"

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை; பந்து நழுவிக் கீழே விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நின்றேன். நீங்களோ, பிடிபடாத மாட்டுக்குப் பரிசு அறிவிக்கிற அதே ராகத்தில், இடைவெளியே விடாமல் தொடர்ந்தீர்கள்.

"பந்து ஜெயிச்சிருச்சு! பந்துக்கு ஒரு அண்டா குடுங்கப்பா!"

விழாக் கமிட்டிக்காரர்கள் நிஜமாகவே ஒரு அண்டாவைத் தூக்கி வந்தார்கள். ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அம்மா, வழியெல்லாம் சிரித்துவிட்டு, "அந்த மைக்குக்காரர் கூட வருவாருன்னா இன்னும் கொஞ்ச நாள் ஆடிக்க" என்றார்.

வந்தீர்கள். கல்யாண வரவேற்பு, கடை திறப்பு, பள்ளி ஆண்டு விழா என்று ஊர் ஊராகப் போனோம். கால்பந்து ஆட்டம் ஒன்றைக்கூட நீங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. வித்தைகளின் இங்கிலீஷ் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தால், "வாயில நுழையுற பேரா வைப்போம் தங்கச்சி" என்பீர்கள். பந்தைக் கால் சுற்றிவந்தால் கிரிவலம். பிடரியில் நின்றால் காவடி. உட்கார்ந்து ஆடினால் பந்தி. "அக்கா, கிரிவலம் போடுங்கக்கா" என்று பிள்ளைகள் இப்போதும் கேட்கிறார்கள்.

பெங்களூரில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டிக்கும் நீங்களாகவே ரயிலேறி வந்தீர்கள். அங்கே வர்ணனை கிடையாது. வெறும் பாட்டும் நடுவர்களும்தான். முதல் சுற்றிலேயே பந்து நழுவியது. எடுத்தேன், மறுபடியும் நழுவியது. பார்வையாளர் கூட்டத்திலிருந்து மைக் இல்லாமலே உங்கள் குரல்: "பந்துக்கு ரெண்டு அண்டா!" அரங்கமே திரும்பிப் பார்த்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குப்பின் பந்து நழுவவில்லை. அந்தச் சுற்றில் ஜெயித்து அடுத்ததில் தோற்றேன். ஆனாலும், சிரித்துக்கொண்டே ஆடும் பெண் வேண்டும் என்று, வெளிநாட்டு மேடை நிகழ்ச்சிகளுக்கு ஆள் எடுக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். துபாய், கொழும்பு என்று நான் பறந்ததெல்லாம் அவர் மூலம்தான். ரயிலில் திரும்பும்போதும் உங்களுக்கு ஆறவில்லை. "வர்ணனையே இல்லாம எப்புடித் தாயி ஆட்டம் பாக்குறாய்ங்க?"

பிறகு உங்கள் தொண்டையில் நோய் வந்தது. பேசவே கூடாது என்றார் டாக்டர். அப்போதும் ஆனையூர்ப் பள்ளி விழாவுக்கு வந்து நின்றீர்கள். பாட்டு தொடங்கியது. பிள்ளைகள் உங்கள் குரலுக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் மைக்கை என் கையில் திணித்தீர்கள்.

"அண்ணே, நான் ஆடவா, பேசவா?"

இரண்டு விரலைக் காட்டினீர்கள்: இரண்டும்தான்.

மேடையில் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இந்தா... முட்டியில... ஏறுது..." என்று திணறினேன். குரல் கீச்சென்று போனது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நீங்கள் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டித் தாளம் போடுகிறீர்கள். கண்ணில் நீர் வழிகிறது. அதைப் பார்த்தபின் எனக்குப் பேச்சு நிற்கவே இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில், டாக்டர் சொன்னதை மீறிக் கிசுகிசுத்தீர்கள்: "ஒனக்கு மூச்சு வாங்குது தாயி. அது நல்லாத்தான் இருக்கு. ஆடுறவளே பேசுறான்னு தெரியுதுல்ல?"

நான் கேட்ட உங்கள் கடைசிக் குரல் அதுதான். அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

போன மாதம் துபாயில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர், நல்ல இங்கிலீஷ் குரலில் வர்ணனையைப் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். மேடையில் பேசும்போது எனக்கு மூச்சிரைப்பது கேட்கிறதாம். வேண்டாம் என்றுவிட்டேன். எந்த ஊரானாலும் காதோரம் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு, நம்ம ஊர்ப் பேச்சில், ஆடிக்கொண்டே பேசுகிறேன் அண்ணே. மூச்சு வாங்கத்தான் செய்கிறது.